மடக்குக் கத்தி வாங்கப் போகிறீர்களா? முதலில் பூட்டைப் பாருங்கள்!

நம் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினால் என்னவெல்லாம் விழும்? சில்லறை, பஸ் டிக்கெட், குங்குமச் சிமிழ், தலைவலித் தைலம், ஊக்கு ஒரு கொத்து, குழந்தை பாதி கடித்து வைத்த பிஸ்கட், போன மாதத்து மருந்துச் சீட்டு. எல்லாம் இருக்கும், கத்தி மாத்திரம் இருக்காது. கத்தி என்றால் அது சமையலறைச் சாமான், வெளியே எடுத்துப் போவது ரௌடிகளின் வேலை என்று நமக்குள் ஓர் எண்ணம்.

ஆனால் ஒரு நாளில் எத்தனை தடவை பல்லையே கத்தியாக்கிக் கொள்கிறோம், யோசித்துப் பாருங்கள். பால் பாக்கெட்டின் முனை, பூச்சரத்து நார், புது ரவிக்கையில் தொங்கும் விலைச்சீட்டு, பிரிய மறுக்கும் மாத்திரை அட்டை, பார்சல் கயிறு... எல்லாவற்றுக்கும் பல்தான்! ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் கூடை கூடையாய் மாம்பழம் இறைப்பார்கள். குழந்தை வரம் வேண்டுகிறவர்கள் முந்தானையை ஏந்தி அந்தப் பழத்தைப் பிடிப்பார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், "அம்மா, நறுக்கிக் குடும்மா" என்று பிள்ளை அடம் பிடிக்கும். கடித்துக் கொடுத்தால் புடவையெல்லாம் சாறு. அப்போதுதான் தோன்றும், பையில் ஒரு சின்னக் கத்தி இருந்தால் தேவலையே என்று.

தாராளமாய் வைத்துக் கொள்ளலாம். மடக்குக் கத்தி நல்ல சாமான்தான். ஆனால் வாங்கும்போது நாம் பார்ப்பது பிடியின் நிறத்தையும் கத்தியின் கூரையும். பார்க்க வேண்டியதோ வேறு ஒன்று. நிமிர்த்திய கத்தி நிமிர்ந்தபடியே நிற்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள்? அதாவது, பூட்டு!

பூவத்துக்கு வந்த பிரெஞ்சுக் கத்தி

காரைக்காலுக்கு வடக்கே, நண்டலாற்றுப் பக்கம், கடலோரமாய் இருக்கிற ஊர் பூவம். ஆற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. இந்தப் பக்கம் புதுச்சேரி ஆட்சி. அதனால் சோதனைச் சாவடியும் உண்டு. அங்கே தேடுவது கத்தியை அல்ல, பாட்டிலை! அந்தக் கதை நமக்கு வேண்டாம்.

1954-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி வரை இது பிரெஞ்சுக்காரர் ஆண்ட சீமை. சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக் கொண்ட குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களைச் 'சொல்தா' என்றுதான் இங்கே சொல்லுவார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் பிரான்சிலிருந்து லீவுக்கு வருகிற சித்தப்பாவோ அத்தானோ சென்ட் பாட்டிலுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே ஒரு மடக்குக் கத்தியையும் கொண்டு வருவார். மேஜை இழுப்பறையைத் திறந்தால், வெளிர் மரப்பிடி போட்டு, கழுத்தில் ஓர் இரும்பு வளையம் மாட்டிய கத்தி கிடக்கும். தகட்டில் கிரீடம் தாங்கிய கை முத்திரை இருந்தால் அது 'ஒப்பினெல்' கத்தி. பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890-ல் செய்யத் தொடங்கியது.

அந்த வளையம் அழகுக்காக என்று நினைத்து ஒரு தரம்கூடத் திருப்பிப் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர். அதைத்தான் முக்கியமாய்ச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு நடந்த கதை.

பரங்கிக்காய் செய்த வினை

எங்களுக்குத் தெரிந்த ஓர் அத்தாச்சி, பூ கட்டுவதில் கெட்டிக்காரி. ஒரு முழம் மல்லிகையைப் பேச்சு ஒரு பக்கம், கை ஒரு பக்கம் என்று பார்க்காமலே தொடுத்து விடுவார். ஒரு நாள் பரங்கிக்காயில் ஒரு கீற்று வேண்டியிருந்தது. அரிவாள்மணையை எடுத்துப் போட்டு உட்காரச் சோம்பல். மாடத்தில் மகனுடைய மடக்குக் கத்தி கிடந்தது. எடுத்தார், குத்தினார். கத்தி பாதி இறங்கிச் சிக்கிக் கொண்டது. வெளியே எடுக்க இப்படியும் அப்படியும் ஆட்டி இழுத்தார். 'டக்'கென்று கத்தி மடங்கி, ஆள்காட்டி விரலின் உள்பக்கத்தில் இறங்கிவிட்டது.

"ஒண்ணுமில்லடி, சின்ன வெட்டுதான்" என்று காப்பிப் பொடியை அப்பித் துணியைச் சுற்றிவிட்டார். ரத்தமும் நின்றது. மூன்றாம் நாள்தான் விரலின் நுனி மடங்கவில்லை என்று கவனித்தார். உள்ளே ஓடுகிற நாண், அதாவது விரலை மடக்குகிற தசைநாண், அறுந்து போயிருந்தது. ஆபரேஷன், அப்புறம் மாதக் கணக்கில் விரல் பயிற்சி. விரல் பிழைத்தது. ஆனால் பழைய சுருக்கு வரவில்லை. பூ கட்டும்போது நார் அந்த விரலில் நிற்காமல் நழுவுகிறது. இத்தனைக்கும் அந்தக் கத்தி ரொம்பக் கூர்மையானது கூட இல்லை. அதற்குப் பூட்டு இல்லை, அவ்வளவுதான்.

கத்தி ஏன் மடங்குகிறது?

ஒரு சாமானை நறுக்கும்போது நாம் கொடுக்கிற அழுத்தம் கத்தியின் வாய்ப் பக்கம் படுகிறது. அது கத்தியை இன்னும் நிமிர்த்தத்தான் பார்க்கும், மடக்காது. ஆகையால் வாழைப்பழம், கொய்யா, வெண்ணெய், கயிறு என்று அறுக்கிற வரையில் எந்த மடக்குக் கத்தியும் ஆபத்தில்லை.

ஆபத்து மூன்று சமயத்தில் வரும். முனையால் குத்தும்போது: டப்பா மூடியில் ஓட்டை போடுகிறோமே, அது. சிக்கிய கத்தியை ஆட்டி இழுக்கும்போது: பரங்கிக்காய், பலாக்காய், கொட்டை முற்றிய மாங்காய். கத்தியை நெம்புகோலாக்கும்போது: ஹார்லிக்ஸ் மூடியைக் கிளப்புவது, பெயின்ட் டப்பாவைத் திறப்பது. இந்த மூன்றிலும் அழுத்தம் கத்தியின் முதுகுப் பக்கம் விழும். முதுகில் விழுந்தால் அது மடங்கத்தான் வழி தேடும். மடங்குகிற வழியில் இருப்பது எது? பிடியைச் சுற்றியிருக்கிற நம் நாலு விரல்!

பூட்டின் வேலை, அந்த நேரத்தில் "நான் மடங்க மாட்டேன்" என்று நிற்பது.

நமக்கு இது புதிதும் அல்ல. மடக்கு அரிவாள்மணையைப் பாருங்கள். அடியில் ஒரு திருகாணி, காது மாதிரி இரண்டு சிறகு வைத்தது. அதை இறுக்காமல் உட்கார்ந்தால் காய் நறுக்கும்போது அரிவாள் ஆடும். பாட்டிமார்கள் இறுக்கிவிட்டுத்தான் காலை மணையில் வைப்பார்கள்; வேலை முடிந்ததும் அரிவாள்மணையைப் படுக்க வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். மடக்குக் கத்திக்கும் அதே இரண்டு விதிதான்: திறந்தால் பூட்டு, முடிந்தால் மடக்கு.

பூட்டே இல்லாத பேனாக் கத்தி

முதல் ரகம், நாம் பேனாக் கத்தி என்று சொல்கிற சின்னக் கத்தி. பென்சில் சீவ அந்தக் காலத்தில் வாத்தியார் சட்டைப் பையில் இருந்தது. இதில் பிடியின் முதுகோரமாய் ஒரு வில்தகடு இருக்கும். அது கத்தியின் அடிப்பாகத்தை அழுத்திப் பிடித்துக் கொள்ளும். திறக்கும்போதும் மூடும்போதும் லேசாய் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருப்பது அதனால்தான். ஆனால் அது பிடிமானமே தவிரப் பூட்டு அல்ல. கொஞ்சம் பலமாய் அழுத்தினால் மடங்கி விடும். பிரான்சில் பேர் போன 'லாயோல்' கத்தி, வில்லின் மேல் தேனீ மாதிரி ஒரு சின்ன வேலைப்பாடு இருக்குமே, அதுவும் இந்த ஜாதிதான். விலையைப் பார்த்துப் பூட்டு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்ட ஸ்விஸ் கத்தியிலும் சின்ன அளவுகள் எல்லாம் பூட்டில்லாதவையே. கார்ல் எல்ஸனர் என்பவர் 1884-ல் பட்டறை வைத்து, 1891-ல் ஸ்விஸ் பட்டாளத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். அவருடைய தாயார் பெயர் விக்டோரியா. அம்மா 1909-ல் காலமானதும் அந்தப் பெயரையே முத்திரையாக்கினார். துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகு, 1921-ல் 'இனாக்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்து 'விக்டோரினாக்ஸ்' ஆயிற்று. அம்மா பேரை இத்தனை தேசத்துக்குக் கொண்டு போன பிள்ளை!

மடக்கினால் 58 மில்லிமீட்டர் நீளம் உள்ள அவர்களுடைய குட்டிக் கத்தி கைப்பைக்கு லட்சணமானது. இரண்டு விரல் அளவுதான். சிறிய கத்தி, கத்தரிக்கோல், நக அரம், முள் எடுக்கிற இடுக்கி, பல்குத்தி எல்லாம் அதற்குள். உண்மையைச் சொன்னால் நாம் அதில் கத்தியைவிடக் கத்தரிக்கோலைத்தான் அதிகம் எடுப்போம். நூல் வெட்ட, பாக்கெட் வெட்ட, குழந்தையின் நகம் வெட்ட. பூட்டில்லையே என்று பயப்பட வேண்டாம். அந்தக் கத்தியால் பரங்கிக்காயைக் குத்தலாம் என்று யாருக்கும் தோன்றாது.

கழுத்து வளையம்

இரண்டாவது, நம் மேஜை இழுப்பறையில் கிடக்கிற ஒப்பினெல். ஆரம்பத்தில் இதற்கும் பூட்டு கிடையாது. 1955-ல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மார்செல் ஒப்பினெல் வளையப் பூட்டைக் கண்டுபிடித்தார். அமைப்பு மிகவும் எளிது. வளையத்தில் ஒரு வெட்டு விட்டிருக்கும். அந்த வெட்டு கத்தி மடங்குகிற பள்ளத்துக்கு நேராய் இருந்தால் கத்தி மடங்கும். கத்தியைத் திறந்துவிட்டு வளையத்தைக் கட்டைவிரலால் ஒரு திருப்புத் திருப்பினால், வளையம் பள்ளத்தை அடைத்துக் கொள்ளும். அப்புறம் மடங்காது.

இதில் ஒரே ஒரு குறை. பூட்டு தானாக விழாது. நாம்தான் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால், இதில் பேனாக் கத்தியில் இருக்கிற வில்தகடு கூடக் கிடையாது. வெறும் மரத்தின் இறுக்கம்தான் பிடித்துக் கொண்டிருக்கும். ஆக, வளையம் திருப்பாத ஒப்பினெல், பூட்டில்லாத கத்தியைவிடவும் மோசம். வீட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்துத் திருப்பிப் பாருங்கள். இறுகிப் போயிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் வழிக்கு வரும்.

இப்போது வருகிற கத்திகளில் மூடிய நிலையிலும் வளையத்தைத் திருப்பிப் பூட்டலாம். இது தாய்மார்களுக்குப் பெரிய சௌகரியம். பையைக் குடைகிற வாண்டு கத்தியை எடுத்தாலும் சுலபத்தில் திறக்க முடியாது. அளவுக்கு நம்பர் உண்டு. 8-ம் நம்பருக்குக் கத்தி எட்டரை சென்டிமீட்டர். அதுதான் எங்கும் பரவலாய்க் கிடைப்பது. நம் கைக்கும் பைக்கும் 6-ம் நம்பரே போதும், ஏழு சென்டிமீட்டர். பிள்ளைகள் கற்றுக் கொள்வதற்கென்று முனையை உருட்டிவிட்ட 7-ம் நம்பர் ஒன்றும் செய்கிறார்கள். எனக்குக் கேட்டால், பெரியவர்களுக்கும் அந்த மொட்டை முனைதான் உத்தமம். பழம் நறுக்க முனை எதற்கு?

முதுகிலும் வயிற்றிலும் பூட்டு

மற்ற ரகங்களில் பூட்டு தானாக விழும். கத்தியை முழுக்க நிமிர்த்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும்; அதுதான் பூட்டு விழுந்த சத்தம்.

முதுகுப் பூட்டு என்பது, பிடியின் முதுகில் சீஸா பலகை மாதிரி ஒரு கம்பி. நடுவில் ஆணி. முன் முனையில் இருக்கிற பல் கத்தியின் அடியிலுள்ள பள்ளத்தில் விழுந்து பிடித்துக் கொள்ளும். மூட வேண்டுமானால் பின் பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். முன் பக்கம் கிளம்பிக் கொடுக்கும். அமெரிக்காவில் 'பக்' கம்பெனியார் 1964 வாக்கில் கொண்டு வந்த 110-ம் நம்பர் கத்தியால் இது பிரபலமாயிற்று. நல்ல பலம். வலது கைக்காரர், இடது கைக்காரர் இருவருக்கும் ஒரே மாதிரி. ஆனால் அந்தப் பள்ளத்தில் மாவோ மணலோ பழச் சக்கையோ சேர்ந்துவிட்டால் பல் பாதிதான் இறங்கும். சத்தம் வராது, அல்லது மந்தமாய் வரும். அப்போது அதை நம்பக் கூடாது. ஒரு பல் குச்சியால் சுத்தம் செய்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

இன்னொன்று உள்தகட்டுப் பூட்டு. கடைக்காரர் 'லைனர் லாக்' என்பார். 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் இப்போதுள்ள வடிவத்துக்குக் கொண்டு வந்தார். பிடியின் வயிற்றுக்குள் பக்கவாட்டில் ஒரு மெல்லிய தகடு. கத்தி நிமிர்ந்ததும் அது துள்ளிப் போய்க் கத்தியின் அடிக்குப் பின்னால் முட்டுக் கொடுக்கும். விலை குறைந்த கத்திகளில் இதுதான் அதிகம். தகடு மெல்லியதாய், சரியாய்ப் பொருந்தாமல் இருந்தால் அழுத்தத்தில் நழுவிவிடும். அதைவிட முக்கியம்: மூடும்போது கட்டைவிரலைப் பிடிக்குள் விட்டுத் தகட்டைத் தள்ள வேண்டும். அதாவது விரல், கத்தி வருகிற பாதையிலேயே இருக்கிறது! தகட்டைத் தள்ளி, கத்தியைக் கொஞ்சம் மடக்கி, விரலை வெளியே எடுத்துவிட்டு, அப்புறம்தான் முழுக்க மூட வேண்டும். இடது கைக்காரர்களுக்கு இந்தத் தகடு பெரும்பாலும் எதிர்ப் பக்கம் இருக்கும். அவர்கள் இதை விட்டுவிடுவதே நல்லது.

பிடியின் பக்கத்தில் பொத்தானோ குறுக்குக் கட்டையோ வைத்து, விரல் கத்திக்கு நேரே வராமலே மூடுகிற ரகங்களும் உண்டு. சௌகரியமானவைதான். விலை ஏறும்.

எதை வாங்கலாம் என்றால், கைப்பைக்குப் பூட்டில்லாத குட்டிக் கத்தி, கத்தரிக்கோலுடன். பழம், ரொட்டி, காய் என்று வெளியூரில் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பமானால் மூடிய நிலையிலும் பூட்டுகிற வளையக் கத்தி. உள்தகட்டுப் பூட்டு ஓர் உறவுக்காரர் இனாமாய்க் கொடுத்தால் வைத்துக் கொள்ளலாம். காசு கொடுத்து நான் வாங்க மாட்டேன்.

கடையில் எப்படிப் பார்ப்பது?

கூச்சப்படாமல் நாலைந்து தடவை திறந்து மூடிப் பாருங்கள். நிமிர்த்திப் பூட்டிய பின் கத்தியின் நுனியைத் துணியால் பிடித்துப் பக்கவாட்டில் லேசாய் அசைத்தால் ஆடக் கூடாது. ஆடினால் ஆணி தளர்ந்தது என்று அர்த்தம். பிறகு, பிடியை இரண்டு பக்கமும் மட்டும் பிடித்துக் கொண்டு, பள்ளத்துக்கு நேரே விரல் எதுவும் இல்லாமல், கத்தியின் முதுகை மடித்த துண்டின் மேல் வைத்து மெதுவாய் அழுத்துங்கள். பூட்டு நிற்க வேண்டும். ஓங்கித் தட்டிப் பார்க்க வேண்டாம். நல்ல பூட்டும் கெட்டுப் போகும்.

திறக்கிற விதத்தையும் கவனியுங்கள். சிலவற்றில் கட்டைவிரலால் தள்ளினால் ஒரே கையில் திறக்கும். இடுப்பில் குழந்தை இருக்கும்போது ஒரு கையால் திறக்கலாமே என்று ஆசையாய் இருக்கும். ஆனால் நமக்குச் சுலபமாய்த் திறப்பது குழந்தைக்கும் சுலபமாய்த் திறக்கும். பைக்குள் எதிலாவது மாட்டித் தானாகவும் திறந்து கொள்ளலாம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில், நகம் வைத்து இழுக்க ஒரு பள்ளம் மாத்திரம் உள்ள கத்தியே போதும். நகம் உடையுமே என்றால் ஒரு ரூபாய்க் காசின் ஓரத்தால் நெம்புங்கள். பையிலும் ஜிப் போட்ட உள்ளறையில், ஒரு துணி உறைக்குள் வையுங்கள். பிஸ்கட் இருக்கிற அறையில் கத்தி கூடாது.

உப்புக் காற்றும் கத்தியும்

பூவம் மாதிரிக் கடலோர ஊர்களில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு தலைவேதனை உண்டு. ஜன்னல் கம்பியே துரு ஏறுகிறது, கத்தி எம்மாத்திரம்? ஒப்பினெல்லிலேயே இரண்டு வித எஃகு. தகட்டில் 'இனாக்ஸ்' என்று பொறித்திருந்தால் துருவை எதிர்க்கும். 'கார்போன்' என்று இருந்தால் நன்றாய்க் கூர் பிடிக்கும், சாணை பிடிப்பது சுலபம். ஆனால் எலுமிச்சை, மாங்காய், புளி பட்டால் கறுத்துப் போகும், ஈரத்தோடு வைத்தால் ராத்திரிக்குள் துரு. நம் பக்கத்துக்கு இனாக்ஸ்தான் சரி. பழைய கார்போன் கத்தி வீட்டில் இருந்தால் துடைத்து, தகட்டில் தேங்காயெண்ணெய் ஒரு பூச்சுப் பூசி வையுங்கள்.

மரப்பிடி மழைக்காலத்தில் ஊதிக் கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் கத்தி வெளியே வர மாட்டேன் என்று அடம் பிடிக்கும். பல்லாலும் குறடாலும் இழுக்க வேண்டாம். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் பின் நுனியை மேஜை ஓரத்தில் 'டொக் டொக்' என்று தட்டினால் கத்தி கொஞ்சம் தலை நீட்டும். சவோய்க்காரர்களே இப்படித்தான் தட்டுகிறார்களாம். தண்ணீரில் ஊறப் போடவே கூடாது.

கடற்கரைக்குக் கொண்டு போனால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, திறந்தபடியே எட்டாத இடத்தில் உலர விடுங்கள். மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. வழிவதைத் துடைத்துவிட வேண்டும். தெருவில் வருகிற சாணைக்காரரிடம் மெல்லிய மடக்குக் கத்தியைக் கொடுக்காதீர்கள். பொறி பறக்கச் சக்கரத்தில் பிடித்தால் சூட்டில் எஃகு பதம் கெடும். ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தால் அடியில் மெருகில்லாத சொரசொர வட்டம் இருக்கிறதே, அதில் பத்து இழுப்பு இழுத்தால் பழம் நறுக்கிற கூர் வந்துவிடும். மழுங்கிய கத்திதான் அதிகம் அழுத்தச் சொல்லும்; அழுத்தினால்தான் வழுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

"பையில் கத்தி வைத்திருந்தால் போலீஸ் பிடிக்காதா?" என்று ஒரு சகோதரி கேட்பார். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் விதிகளில், கத்தி வகையில் லைசென்ஸ் கேட்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ளவற்றுக்கு. அதிலும் வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்கென்று செய்யப்பட்டவை நீங்கல். நம் பழக் கத்தி அந்தக் கணக்கிலேயே வராது. ஆனால் பொத்தானை அமுக்கினால் சீறிக் கொண்டு வெளியே வருகிற கத்தி, சினிமாவில் வில்லன் எடுப்பானே, அது வேண்டாம். டில்லி போன்ற இடங்களில் அதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. நமக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தற்காப்புக்கு ஆகுமா என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆகாது. பழக்கமில்லாத கையில் கத்தி, பதற்றத்தில் பூட்டாமலே குத்தினால் மடங்கி நம் விரலைத்தான் வெட்டும். பிடுங்கப்பட்டால் அவன் கையில் இருக்கும். சத்தம் போடுவதும் கூட்டம் இருக்கிற பக்கம் ஓடுவதும் அதைவிட மேல்.

விமானத்தில் ஏறும்போது கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. சரக்கில் போடுகிற பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். பிரான்சுக்குப் பிள்ளை வீட்டுக்குப் போகிற மாமியார்கள் கவனிக்க: பெட்டி கட்டுகிற அன்றே கைப்பையின் உள்ளறையைத் துழாவிப் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையிலும் டிபன் கூடையிலும் வைத்து அனுப்பவே கூடாது. பழத்தை வீட்டிலேயே நறுக்கி டப்பாவில் போட்டு விடுங்கள்.

வெட்டிக் கொண்டால்

காப்பிப் பொடி, மஞ்சள் பொடி, சுண்ணாம்பு, சிலந்திக் கூடு எதுவும் வேண்டாம். அழுக்கும் கிருமியும் உள்ளே போகும். டாக்டருக்குக் காயத்தின் ஆழமும் தெரியாது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்து. நின்றதா என்று நடுநடுவே துணியைத் தூக்கிப் பார்த்தால் மறுபடி ஆரம்பிக்கும். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்துக் கொள்ளுங்கள். விரலில் மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன்னால் கழற்றி விடுங்கள்.

ரத்தம் நின்றதும் காயம் சின்னதாய்த் தெரிந்தாலும், விரலின் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியே மெல்ல மடக்கி நீட்டிப் பாருங்கள். ஒரு கணு மடங்கவில்லை, அல்லது நீளவில்லை, அல்லது நுனி மரத்துப் போயிருக்கிறது என்றால் நாண் அல்லது நரம்பு அறுந்திருக்கலாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பூவம் பக்கத்தவர்களுக்குக் காரைக்கால் அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து மேலே எங்கே போவது என்று சொல்லுவார்கள். நாணைச் சீக்கிரம் தைத்தால் விரல் திரும்பும் வாய்ப்பு அதிகம். நாள் கடந்தால் அறுந்த முனைகள் உள்ளே சுருங்கிப் போய்விடும்.

துண்டு ஏதாவது அறுபட்டே போயிருந்தால் அதைத் தூக்கி எறியாமல், ஈரமாக்கிய சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து எடுத்துப் போங்கள். ஐஸ் நேராய்ச் சதையில் படக் கூடாது. கடைசியாய் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். கர்ப்பமாய் இருந்தபோது போட்டிருப்பார்கள். அந்த வருஷத்தை நினைவு வைத்துச் சொல்லுங்கள். சுத்தமான சின்னக் காயத்துக்குப் பத்து வருஷமும், ஆழமான அல்லது அழுக்குப் பட்ட காயத்துக்கு ஐந்து வருஷமும் தாண்டியிருந்தால் திரும்பப் போட வேண்டியிருக்கும்.